காரில் புதிய பாட்டு செட் மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேசட்டோ சிடியோ பாடிக்கொண்டிருந்த காரில் யூஎஸ்பி, ப்ளூடூத் உள்ள செட்டை மாட்ட நினைப்பவர்கள் என்னிடம் கேட்டவை இவை. இவற்றில் பாதி, எங்கள் வீட்டு வேகன் ஆரில் நானே மாட்டிப் பழகிய காலத்தில் எனக்கும் வந்த சந்தேகங்கள்தான். எந்தக் கம்பெனி செட் வாங்கினீர்கள் என்பதைவிட, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர்களை எப்படி இணைத்தீர்கள் என்பதுதான் பெரிது. அதனால் பதில்களில் பெரும்பகுதி ஒயரைப் பற்றியே இருக்கும்.

பழைய செட்டை மாற்றியே ஆக வேண்டுமா?

எப்போதும் வேண்டியதில்லை. முகப்பில் ஹெட்போன் முனையைச் செருகும் ஆக்ஸ் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஒரு சின்ன ப்ளூடூத் ரிசீவரை அதில் செருகிப் போன் பாட்டைக் கேட்கலாம். செலவு சில நூறு ரூபாய்தான், சத்தமும் சுத்தமாக வரும்.

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். அது 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் காலியாக இருக்கும் ஓர் இடத்தில் உங்கள் பாட்டை ஒலிபரப்புகிறது. சென்னை மாதிரி ஊரில் அந்த இடம் கிடைப்பதே அரிது. நெடுஞ்சாலையில் போனால், கிளம்பிய ஊரில் காலியாக இருந்த அலைவரிசை அடுத்த ஊரில் வேறொரு நிலையத்துடையதாக இருக்கும். ஒவ்வொரு ஊர் எல்லையிலும் இரைச்சலோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

என் காருக்கு எந்த அளவு செட் பொருந்தும்?

டேஷ்போர்டில் செட் உட்காரும் துளையை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என்றால் ஒற்றை டின். அதே அகலத்தில் உயரம் 100 என்றால் இரட்டை டின். ஜெர்மனியின் தர நிர்ணய அமைப்பின் பெயர்தான் டின். அங்கே தொடங்கிய அளவு பிறகு ஐஎஸ்ஓ 7736 என்ற உலகத் தரமாகிவிட்டதால், எந்த நாட்டுச் செட்டும் எந்த நாட்டுக் காரிலும் உட்காருகிறது.

சில கார்களில் ஏசி பொத்தான்களும் செட்டும் ஒரே வார்ப்பாக, வளைந்த முகத்தோடு இருக்கும். அவற்றில் செட்டை மட்டும் மாற்ற முடியாது. அந்தக் கார் மாடலுக்கென்றே செய்த ஃப்ரேம் வாங்கி, அதற்குள் புதிய செட்டைப் பொருத்த வேண்டும். கார் பெயரோடு மாடல் ஆண்டையும் சொல்லிக் கேளுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும், மாடல் மாறியிருந்தால் ஃப்ரேம் ஒத்துவராது.

இலங்கையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஜப்பானில் ஓடிய பின் இலங்கைக்கு இறக்குமதியாகும் விட்ஸ், ஆக்வா போன்ற டொயோட்டா கார்களில் துளையின் அகலம் 180 அல்ல, 200. அதில் சாதாரண இரட்டை டின் செட்டை வைத்தால் இரண்டு பக்கமும் ஒரு விரல்கடை இடைவெளி தெரியும். அதை மூடுவதற்கென்றே பக்கப் பட்டைகள் விற்கிறார்கள். இல்லையென்றால் 200 அகலச் செட்டாகவே கேட்டு வாங்குங்கள்.

ஆண்ட்ராய்டு திரை வாங்கலாமா, பட்டன் வைத்த ஒற்றை டின் போதுமா?

வரைபடம், ரிவர்ஸ் கேமரா எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் திரை. பாட்டுதான் முக்கியம் என்றால், சிடி இயங்கும் பாகமே இல்லாத ஒற்றை டின் டிஜிட்டல் செட்டை நான் தயங்காமல் சொல்வேன். சாவியைத் திருப்பியதும் பாடும். சத்தத்தைக் கூட்டக் குறைக்கத் திருகும் குமிழ் இருக்கும்; சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே விரலுக்கு அகப்படும். திரையில் கோடு தேடித் தொடுவது அப்படி இல்லை.

சிடி பாகம் இல்லாததால் இந்தச் செட்டுகளின் ஆழமும் குறைவு. பின்னால் ஒயரைச் சுருட்டி வைக்க இடம் தாராளமாகக் கிடைக்கும். மாட்டும் நாளில்தான் அதன் அருமை தெரியும்.

திரைதான் என்று முடிவு செய்தால் ரேம் 4 ஜிபிக்குக் குறையாமல் பாருங்கள். வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். மலிவான திரைகள் அந்தச் சூட்டில் தொடுவதற்கு மக்கர் செய்யும்.

பெட்டியில் "50 வாட் × 4" என்று போட்டிருக்கிறதே, அவ்வளவு சத்தம் வருமா?

வராது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்ஜின் ஓடும்போது காரில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும், ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.8 வருகிறது. அந்த 50 வாட் இங்கிருந்துதான் வந்தது. ஆனால் ஒலி முழுக்கச் சிதைந்து, அலை சதுரமாக வெட்டுப்படும் நிலையில் வரும் எண் அது. சிதையாத அலைக்கு அதில் பாதி, அதாவது 26 வாட்டுக்குள்தான் வரும். செட்டுக்குள் நடக்கும் இழப்பையும் கழித்தால் 18 முதல் 22 வாட் மிஞ்சும்.

இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். செட்டின் முதுகில் இருக்கும் ஃப்யூஸ் பெரும்பாலும் 10 ஆம்பியர். 14.4 வோல்ட்டில் அதன் வழியே தொடர்ந்து போகக்கூடியது 144 வாட். நான்கு ஐம்பது இருநூறு வாட் அதற்குள் எங்கே அடங்கும்? ஆகவே இரண்டு செட்டை ஒப்பிடும்போது பெட்டியின் முகப்பு எண்ணை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் தாளில் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) என்று போட்டிருப்பதைப் பாருங்கள். ஒரு சின்னக் காருக்கு நான்கு பக்கமும் 18 வாட் தாராளம்.

கழற்றத் தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

பழைய செட்டுக்குள் சிடியோ கேசட்டோ இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். ஐரோப்பியக் கார் என்றால் ரேடியோ கோடு (பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பழைய செட் கேட்கும் ரகசிய எண்) எழுதிய அட்டை கையில் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் 10-ஆம் எண் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, அது திரும்பத் தொடாதபடி துணியைச் சுற்றி ஓரமாக ஒதுக்குங்கள்.

ஏர்பேக் உள்ள காரில் மைனஸைக் கழற்றிய பிறகு சில நிமிடம் காத்திருங்கள். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை போட்ட ஒயரோ மஞ்சள் கப்ளரோ (ஒயர்களின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் செருகி) கண்ணில் பட்டால் அது ஏர்பேக்கினுடையது. டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர் போன்ற மின்சாரம் சோதிக்கும் கருவி எதையும் அதில் வைக்காதீர்கள். சோதிக்க வைத்த சின்ன மின்னோட்டமே ஏர்பேக்கை வெடிக்க வைக்கக்கூடும்.

டேஷ்போர்டு பிளாஸ்டிக் உடையாமல் எப்படிக் கழற்றுவது?

இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பவே கூடாது. பிளாஸ்டிக் நெம்பி கிடைக்கும். இல்லையென்றால் பழைய ஏடிஎம் கார்டில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். உங்கள் கார் மாடலுக்கான கழற்றும் வீடியோவை முதலில் ஒரு முறை முழுதாகப் பாருங்கள். கிளிப் எங்கே, ஸ்க்ரூ எங்கே என்று தெரிந்துவிட்டால் வேலை இருபது நிமிடம்தான். குளிர்ந்த காலையைவிட, கொஞ்சம் வெயில் பட்டு பிளாஸ்டிக் இளகியிருக்கும்போது கிளிப்புகள் முறியாமல் வரும்.

கடையில் "ஒயரை வெட்டி ஜாயின்ட் அடித்துவிடலாம்" என்கிறார்கள். சரியா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். காரோடு வந்த கப்ளரை வெட்டக் கூடாது.

கார் கம்பெனி ஒயரிங்கின் முனையில் ஒரு கப்ளர் இருக்கும். புதிய செட்டின் முதுகில் வேறொரு கப்ளர் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் செருகும் மாற்றுக் கப்ளர் அநேகமாக எல்லாக் கார்களுக்கும் கிடைக்கிறது. மாருதிக்கு 20 பின் (உலோக முள்) உள்ளது. டொயோட்டாவுக்கு 10 பின்னும் 6 பின்னுமாக இரண்டு சேர்ந்து வரும். விலை சில நூறு ரூபாய். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் கார் பெயரைச் சொன்னாலே எடுத்துத் தருவார்கள்.

மாற்றுக் கப்ளருக்கும் செட்டின் ஒயருக்கும் இடையிலான இணைப்பை வீட்டு மேசையில் உட்கார்ந்து நிதானமாகச் செய்யலாம். ஒயரை முறுக்கி, சால்டர் வைத்து, சூடுபட்டால் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றினால் நம் ஊர் சூட்டில் அதன் பசை உருகி, இரண்டே கோடையில் பிரிந்து தொங்கும். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் துணி டேப்பைச் சுற்றினால், மேடுபள்ளத்தில் கடகடவென்று தட்டும் சத்தமும் வராது. காருக்குள் செய்ய மிஞ்சுவது, கப்ளரைச் செருகி நான்கு ஸ்க்ரூ போடுவது மட்டும்தான்.

கப்ளர் வெட்டுப்படாத கார் என்றால், விற்கும்போது பழைய செட்டை அப்படியே திருப்பி மாட்டலாம். புதுக் கார் என்றால் வாரன்டிக்கும் இதுவே பாதுகாப்பு. வெட்டின ஒயரைப் பார்த்ததும், எலெக்ட்ரிகல் பழுது எது வந்தாலும் அதன் தலையில் போடச் சர்வீஸ் சென்டருக்கு வழி கிடைத்துவிடும்.

இத்தனை நிற ஒயர்களில் எது எதற்கு?

வெளியில் வாங்கும் செட்டுகளில் இந்த நிறங்கள் அநேகமாக ஒரே மாதிரிதான்.

மஞ்சள்: பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட். நேரம், நிலையங்கள், ஒலி அமைப்பு எல்லாம் நினைவில் நிற்பது இதனால்தான்.
சிவப்பு: சாவி ஏசிசி நிலைக்கு (இன்ஜின் ஓடாமலே செட்டுக்கு மின்சாரம் வரும் நிலை) வந்தால் மட்டும் வரும் 12 வோல்ட். செட்டை எழுப்பவும் தூங்க வைக்கவும் இதுதான்.
கறுப்பு: எர்த், அதாவது காரின் உலோக உடலோடு சேரும் மைனஸ்.
நீலம்: ஆன்டெனாவுக்கான மின்சாரம்.
நீலத்தில் வெள்ளைக் கோடு: தனி ஆம்ப்ளிஃபையரை எழுப்ப.
ஆரஞ்சு: காரின் விளக்கைப் போட்டதும் செட்டின் வெளிச்சத்தைக் குறைக்க.

ஸ்பீக்கர்களில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கோடு இல்லாதது பிளஸ், அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ்.

இது செட்டின் பக்கம் மட்டும். காரின் பக்கத்து ஒயர்களில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நிறம் வைத்திருக்கும். அங்கே நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை நம்புங்கள். சாவி இல்லாமலே 12 காட்டினால் அது மஞ்சளுக்கு. சாவியைத் திருப்பினால் மட்டும் காட்டினால் சிவப்புக்கு. இந்தச் சோதனைக்கு மட்டும் பேட்டரியைத் திரும்ப இணைக்க வேண்டியிருக்கும். முடிந்ததும் மறுபடி கழற்றிவிடுங்கள்.

மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் சாவி இல்லாமலே பாட்டு கேட்கலாமே?

கேட்கலாம். எங்கள் வேகன் ஆருக்கு ஒரு கடையில் முதல் செட்டை மாட்டியபோது அப்படித்தான் முறுக்கிக் கொடுத்தார்கள். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது, வசதியாகத்தான் பட்டது. ஒருநாள் மாலை யாரோ சத்தத்தைப் பூஜ்யத்துக்குக் குறைத்துவிட்டுக் காரைவிட்டு இறங்கியிருக்கிறார்கள். செட் ஓடிக்கொண்டே இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து விடியற்காலை நாலரை மணிக்கு அம்மாவை எழும்பூருக்கு ரயிலேற்றப் புறப்பட்டேன். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று மட்டும் கேட்டது. அந்த இருட்டில் அம்மா பையோடு தெருமுனை வரை ஆட்டோ தேடி நடந்தது இன்னும் மனதை உறுத்துகிறது.

கணக்கு எளிது. சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர்-அவர். சத்தமில்லாமல் விழித்திருக்கும் செட் அரை முதல் ஒரு ஆம்பியர் வரை இழுக்கும். ஒன்றரை நாளிலிருந்து மூன்று நாளுக்குள் பேட்டரி காலி. சிவப்பு ஒயரைச் சரியான இடத்தில் இணைத்து, செட் ஒழுங்காகத் தூங்கினால் இழுப்பது சில மில்லி ஆம்பியர்தான். மாதக்கணக்கில் நின்றாலொழிய அது தெரியாது.

காரின் கப்ளரில் ஏசிசி ஒயரே இல்லாவிட்டால், ஃப்யூஸ் பெட்டியில் சாவியோடு வேலை செய்யும் ஓர் இடத்திலிருந்து ஃப்யூஸ் டேப் (ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் செருகி இன்னோர் ஒயர் பிரித்தெடுக்கும் துண்டு) வைத்துச் சிவப்புக்கு எடுங்கள். சிகரெட் லைட்டருக்குப் போகும் ஃப்யூஸ் பல கார்களில் இதற்குச் சரியாக இருக்கும்.

சாவியை எடுக்கும்போதெல்லாம் நேரமும் நிலையங்களும் அழிந்துபோகின்றன. செட் பழுதா?

செட்டில் பழுது இல்லை. மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன. போலோ, வென்டோ போன்ற ஃபோக்ஸ்வாகன் கார்களில் இது அடிக்கடி வரும். ஐஎஸ்ஓ கப்ளரில் நான்காம் பின்னில் நிரந்தர மின்சாரமும் ஏழாம் பின்னில் சாவி மின்சாரமும் வர வேண்டும். ஃபோக்ஸ்வாகனில் அது தலைகீழாக இருப்பது வழக்கம். பல மாற்றுக் கப்ளர்களில் மஞ்சள், சிவப்பு ஒயர்களின் நடுவே கழற்றி மாற்றிச் செருகும் புல்லட் முனை வைத்திருப்பது இதற்காகத்தான். ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகுங்கள், சரியாகிவிடும்.

ஸ்பீக்கரின் மைனஸை எர்த்தில் இணைக்கலாமா? பழைய காரில் அப்படித்தான் இருந்தது.

கூடவே கூடாது. மிகப் பழைய கார்களில் ஸ்பீக்கர்களுக்குப் பொது மைனஸ் இருந்தது உண்மை. இன்றைய செட்டுகள் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் எதிரெதிராக இயக்குகின்றன. மைனஸ் என்று நாம் சொல்வதிலும் ஒலி மின்சாரம் ஓடுகிறது. அதை எர்த்தில் தொட்டால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் சிப் போய்விடும். காரில் பழைய பொது மைனஸ் ஒயரிங் இருந்தால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் புதிதாக இரட்டை ஒயர் இழுத்துவிடுங்கள்.

செட் புதிது, ஸ்பீக்கரும் புதிது. ஆனால் பாஸே இல்லாமல் சத்தம் வெறுமையாக இருக்கிறது. ஏன்?

பத்துக்கு எட்டு முறை, ஒரு பக்க ஸ்பீக்கரில் பிளஸும் மைனஸும் மாறியிருக்கும். இடது கூம்பு வெளியே வரும் நேரத்தில் வலது கூம்பு உள்ளே போகிறது. ஒன்று தள்ளும் காற்றை மற்றொன்று இழுத்துவிட, தவில் அடி காணாமல் போகிறது.

முன்-பின் ஸ்பீக்கர்களின் சத்தத்தைப் பிரிக்கும் ஃபேடர் அமைப்பை முன்பக்கத்துக்குத் தள்ளி, இடது-வலதைப் பிரிக்கும் பாலன்ஸை இடதுக்கு மட்டும் வைத்துக் கேளுங்கள். அப்புறம் நடுவில் வையுங்கள். இரண்டும் சேர்ந்து பாடும்போது பாஸ் கூடாமல் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். எந்தப் பக்கம் தவறு என்று கண்டுபிடிக்க 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி போதும். செட்டிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் ஒயரில் பிளஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று ஒரு நொடி தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே குதித்தால் சரி, உள்ளே போனால் மாற்றி இணைத்திருக்கிறது.

ஆல்டோ போன்ற சின்னக் கார்களின் முன்பக்க 4 அங்குல ஸ்பீக்கரில் ஆழமான பாஸ் எப்படியும் வராது. செட்டில் தாழ்ந்த ஒலியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் இருந்தால் 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். முடியாத பாரத்தைத் தூக்காமல், குரலை அது தெளிவாகப் பாடும்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் "ஊய்" என்ற சத்தம் ஏறி இறங்குகிறது.

இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் அது. பெரும்பாலும் எர்த் சரியில்லை என்பதுதான் காரணம். கறுப்பு ஒயரைப் பெயின்ட் சுரண்டிய உலோகத்தில், ரிங் முனை வைத்து இறுக்குங்கள். சார்ஜரில் போட்ட போனை ஆக்ஸில் செருகினால் மட்டும் இரைச்சல் வருகிறதென்றால் செட்டைத் தொட வேண்டாம். சார்ஜரும் ஆக்ஸும் இரண்டு வழியாக எர்த் ஆவதால் வருவது அது. கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் என்ற சின்னப் பொருளை ஆக்ஸ் ஒயரின் நடுவே போட்டால் நின்றுவிடும்.

பழைய செட்டில் நன்றாக எடுத்த எஃப்எம் புதியதில் இரைகிறதே?

நீல ஒயரை இணைக்காமல் விட்டிருப்பீர்கள். கூரையின் பின்பக்கம் குட்டையான ஆன்டெனா உள்ள கார்களில், அதன் அடியில் ஒரு சிறு பூஸ்டர் இருக்கும். அதற்கு 12 வோல்ட் போகாவிட்டால் உள்ளூர் நிலையம்கூடத் திணறும். போலோ போன்ற கார்களில் அந்த மின்சாரம் ஆன்டெனாக் கேபிளின் வழியாகவே போக வேண்டும். அதற்கென்று நீல ஒயர் வைத்த ஆன்டெனா அடாப்டர் தனியாக வாங்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வந்த செட்டா? அங்கே நிலையங்கள் 88.1, 88.3 என்று ஒற்றைப்படையாகவே போகும், செட்டும் அப்படியே தாவும். சென்னை எஃப்எம் ரெயின்போ 101.4-இல் இருக்கிறது, அந்தச் செட் 101.3-இலிருந்து 101.5-க்குக் குதித்துவிடும். அமைப்புகளில் ட்யூனர் ஏரியா என்று இருந்தால் ஐரோப்பா அல்லது ஆசியா என்று மாற்றுங்கள்.

ஜப்பானியக் காரோடு வந்த பழைய செட்டில் எஃப்எம் பெரும்பாலும் 76-இல் தொடங்கி 90-இலேயே முடிந்துவிடும். இலங்கையில் ஒலிக்கும் நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு எட்டாத உயரத்தில். அலைவரிசையைக் கீழே இறக்கித் தரும் பேண்ட் எக்ஸ்பாண்டர் போட்டு ஓரளவு கேட்கலாம். ஆனால் ஜப்பான் மொழித் திரையோடு காலம் தள்ளுவதைவிட அந்தக் காருக்குப் புதுச் செட் போடுவதுதான் என் யோசனை.

ஸ்டீயரிங்கில் இருக்கும் பட்டன்கள் வேலை செய்யுமா?

எளிய வகையில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு மின்தடை இருக்கும். செட்டின் கீ 1, கீ 2 ஒயர்களில் அதை இணைத்து, செட்டின் மெனுவில் ஒவ்வொரு பட்டனாக அழுத்திக் கற்றுக்கொடுத்தால் போதும். கேன் பஸ் (காரின் கருவிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் ஒயர்) வழியாகப் பேசும் கார்களுக்கு டீகோடர் பெட்டி தனியாக வேண்டும். அப்படிப்பட்ட சில கார்களில் ஏசிசி மின்சாரமும் அந்தப் பெட்டியிலிருந்துதான் வரும். செட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ரிவர்ஸ் சென்சார், கேமரா எல்லாம் என்ன ஆகும்?

2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில் ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் கட்டாயம். பல கார்களில் அதற்குத் தனி பஸ்ஸர் உண்டு, செட்டை எடுத்தாலும் அது கத்தும். சிலவற்றில் அதன் ஒலியோ படமோ கம்பெனி செட்டின் வழியாக வரும். உங்கள் கார் எந்த வகை என்று தெரியாமல் கழற்ற வேண்டாம்.

ஹேண்ட்பிரேக் ஒயரை எர்த்தில் கொடுத்தால் ஓடும்போதே வீடியோ பார்க்கலாம் என்கிறார்களே?

இளம்பச்சை ஒயர் அது. கார் நின்றால் மட்டும் திரையில் படம் ஓட வேண்டும் என்பதற்காக வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து ஏமாற்றி இணைக்காதீர்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒரு நொடியில் கார் 22 மீட்டர் போய்விடுகிறது. திரையை இரண்டு நொடி பார்த்தால் 44 மீட்டர் கண்ணை மூடி ஓட்டியது போல. ப்ளூடூத் மைக்கையும் இதே அக்கறையோடு, முன் கண்ணாடித் தூணின் மேல், வாய்க்கு நேராகப் பொருத்துங்கள். அழைப்பு வந்தால் போனைக் கையில் எடுக்கும் தேவையே இருக்காது. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, கையில் போன் வைத்து ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதலாகவே சொல்கிறது.

பென் டிரைவில் பாட்டுகள் வரிசை மாறி ஓடுகின்றன. சில ஓடவே இல்லை.

பல செட்டுகள் பாட்டைப் பெயர் வரிசையில் பார்ப்பதில்லை, எந்த வரிசையில் பென் டிரைவில் ஏறியதோ அந்த வரிசையில் பார்க்கின்றன. அதனால் கணினியில் முதலில் 001, 002 என்று எண் போட்டு வரிசைப்படுத்துங்கள். பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, ஒவ்வொரு ஃபோல்டராக, வரிசையாக ஏற்றுங்கள். ஏற்கெனவே பாதி நிறைந்த டிரைவில் நடுவே செருகினால் புதுப் பாட்டு கடைசியில்தான் போய் நிற்கும்.

ஆப்பிள் கணினியில் ஏற்றினால் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த மறைந்த கோப்புகள் கூடவே ஏறும். செட் அவற்றையும் பாட்டு என்று நினைத்துத் திணறும். அவற்றை அழித்துவிடுங்கள்.

தரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 320 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு நிமிடத்துக்கு 2.4 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்பி. 32 ஜிபி டிரைவில் இரண்டாயிரத்து அறுநூறு பாட்டு அடங்கும். இவ்வளவு இடம் இருக்கும்போது, ஜால்ராவும் வயலினும் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போன்ற பழைய 64 கேபிபிஎஸ் கோப்புகளை எதற்குச் சுமக்க வேண்டும்? என்னிடம் இருந்த எண்பதுகளின் பாட்டுகளை அசல் சிடியிலிருந்து மறுபடி எடுத்து ஏற்றினேன். அதே காரில், அதே ஸ்பீக்கரில், நான் அதுவரை கேட்டிராத பேஸ் கிடார் வரிகள் கேட்டன. செட் மாற்றியபோது வந்த சந்தோஷத்தைவிட அது பெரிது.

செட்டில் தமிழ்ப் பெயர்கள் நட்சத்திரக் குறிகளாகத் தெரிகின்றன.

ஒற்றை டின் செட்டின் எழுத்துத் திரைக்குத் தமிழ் தெரியாது. கோப்பின் பெயரையும் உள்ளே பாட்டின் விவரம் எழுதிய டேகையும் ஆங்கில எழுத்தில் மாற்ற வேண்டும். ஆண்ட்ராய்டு திரையில் இந்தச் சிக்கல் இல்லை, தமிழ் தமிழாகவே தெரியும்.

தனி ஆம்ப்ளிஃபையர், சப்வூஃபர் போட்டால்?

அது தனி வேலை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பேட்டரியிலிருந்து இழுக்கும் தடித்த ஒயரில், பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருந்தே ஆக வேண்டும். ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஃப்யூஸ்தான்.

பழைய செட்டைக் கழற்றிவிட்டேன். உள்ளே ஒரு சிடி மாட்டிக்கொண்டிருக்கிறது. எப்படி எடுப்பது?

பிரித்து நெம்ப வேண்டாம், மின்சாரம் கொடுத்தால் அதுவே தள்ளிவிடும். செட்டின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் எந்தப் பின் எது என்று போட்டிருக்கும். இல்லையென்றால், காரின் கப்ளரில் நீங்கள் மல்டிமீட்டரால் கண்டுபிடித்து எழுதி வைத்ததைப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, எர்த் பின்னுக்கு மைனஸ் கொடுங்கள். நிரந்தர மின்சாரப் பின்னையும் சாவி மின்சாரப் பின்னையும் சேர்த்துப் பிளஸைக் கொடுங்கள், நடுவில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று இருக்கட்டும். மஞ்சளும் சிவப்பும் ஒன்றாகச் சேரலாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் இந்த மேசைதான். எஜெக்டை அழுத்துங்கள். சிடி வந்ததும் ஒயரை எடுத்துவிட்டு, செட்டையும் அதன் நான்கு ஸ்க்ரூக்களையும் ஒரே பையில் போட்டு, கார் பெயரை எழுதி பரணில் வையுங்கள்.